மழையில வண்டி நின்னா சி.டி.ஐ. மேல ஏன் பழி?

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சு முதல் பெரிய மழை கொட்டின மறுநாள் காலையில, பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். ரோட்டுல ஒரு தடவை போய்ப் பாருங்க. அம்பத்தூர் ஓ.டி. வர்றதுக்குள்ளயே வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போற ஆளுங்க வரிசையா கண்ணுல படுவாங்க. பெட்ரோல் இருக்கு, டயர்ல காத்து இருக்கு, நேத்து சாயந்தரம் வரைக்கும் ஓடின வண்டிதான். கிக்கர் அடிச்சு அடிச்சு கால் ஓய்ஞ்சிருக்கும். எஸ்டேட்ல எட்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டியவருக்கு அன்னிக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அதுக்கு மேல மெக்கானிக் கடையில "சி.டி.ஐ. போயிடுச்சுண்ணே"ன்னு ஒரு பில்லும் வரும். டெலிவரி ஓட்டுறவங்களுக்கு இந்த ரெண்டும் சேர்ந்தா ஒரு வாரக் கணக்கே உதைக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் தெரியும், கையில ஒரு மல்டிமீட்டர் இருக்கு. எங்க தெருவுலயும் சுத்துவட்டாரத்துலயும் மழையில நின்னுபோன வண்டிகளைப் பார்த்து, எது பழுது, எதை மாத்தினாங்க, எதை மாத்தாமலே சரியாச்சுன்னு சில வருஷமா ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வர்றேன். அந்த நோட்டு எனக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதறேன். ஒரு வரியில சொல்லிடறேன்: மழையில சி.டி.ஐ. செத்துப் போறது அபூர்வம். ஆனா மழைக்காலத்துல அதிகமா மாத்தப்படற பொருள்களில் அதுவும் ஒண்ணு. இந்த முரண்பாடு எப்படி வருதுன்னு புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும்.

முதல்ல தண்ணியைப் பத்தி. "தண்ணி பட்டா ஷார்ட் ஆகிடும்"னு நாம சர்வ சாதாரணமா சொல்றோம். சுத்தமான தண்ணி மின்சாரத்தைக் கடத்தறதுல ரொம்ப மோசம். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரோட கடத்துதிறன் ஒரு சில மைக்ரோசீமன்ஸ்தான். கடல் தண்ணிக்கு அதே அளவுகோல்ல 50,000 பக்கம் வரும். வானத்துல இருந்து நேரா விழற மழைத்துளி டிஸ்டில்டு வாட்டருக்குப் பக்கத்துல நிக்கற ஆள். அது ரோட்டுல விழுந்து, மண்ணு, சாக்கடை, உப்பு, எண்ணெய் எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு முன் சக்கரத்துல மோதி எஞ்சின் மேல தெறிக்குது பாருங்க, அப்போதான் அது வேற ஆளா மாறுது. அதனாலதான் கொட்டற மழையில தொடர்ந்து ஓட்டிட்டு வந்த வண்டி ஒழுங்கா வீடு சேர்ந்திடும். தூறல் நின்னதுக்கு அப்புறம், தேங்கின தண்ணியில லாரி அடிச்ச தண்ணியை வாங்கின வண்டி நின்னுடும்.

இன்னொண்ணு, முதல் மழைதான் எப்பவும் மோசம். கரண்ட் கம்பத்துல இருக்கற பீங்கான் இன்சுலேட்டரை நினைச்சுக்கோங்க. ஆறு மாசம் வெயில்ல தூசு படிஞ்சிருக்கும். முதல் தூறல்ல அந்தத் தூசு ஈரமாகி, பீங்கான் மேல ஒரு மெல்லிய பாதை உருவாகும். ராத்திரியில கவனிச்சா "கிர்"னு ஒரு சத்தம், சில சமயம் நீலமா ஒரு மினுக்கு. ரெண்டு நல்ல மழை பெஞ்சு பீங்கான் கழுவிவிட்டதும் அது அடங்கிடும். உங்க வண்டியோட ஸ்பார்க் பிளக்லயும் ஒரு வெள்ளைப் பீங்கான் இருக்கு. அதுக்கும் இதே கதைதான், அளவுதான் சின்னது.

இந்த பிளக் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். சாதாரணக் காத்துல 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி பொறி பறக்கணும்னா சுமார் 3,000 வோல்ட் வேணும். பிளக் நுனியில இருக்கற இடைவெளி 0.7, 0.8 மில்லிமீட்டர். அப்போ 2,500 வோல்ட்டே போதுமேன்னு தோணும். ஆனா பொறி பறக்க வேண்டிய நேரத்துல சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் பல மடங்கு அழுத்தத்துல நெருங்கிக் கிடக்கும். காத்து நெருங்க நெருங்கப் பொறி பறக்கறது கஷ்டம். அதனால நிஜத்துல 10,000 வோல்ட்டுக்கு மேலயே தேவைப்படும். எச்.டி. காயில் அதைத் தருது. மின்சாரம் எப்பவும் சுலபமான வழியைத்தான் பார்க்கும். உள்ளே அழுத்தத்துல இருக்கற 0.7 மில்லிமீட்டரைத் தாண்டறதா, இல்ல வெளியில பீங்கான் மேல ஈரமும் அழுக்கும் சேர்ந்து போட்டுக் குடுத்த பாதையில வழிஞ்சு எஞ்சின் பாடிக்குப் போறதா? வெளி வழி சுலபமாத் தெரிஞ்சா அது அங்கேயே போயிடும். உள்ளே பொறி இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்லேன்னா ஆக்ஸிலரேட்டரை முறுக்கினதும் இருமி இருமி நிக்கும். பிளக் பீங்கான்ல வரி வரியா மேடு பள்ளம் வச்சிருக்கறது அழகுக்கு இல்லை. அந்த வெளிப்பாதையை நீளமாக்கறதுக்குத்தான்.

பிளக் கேப் இந்தப் பீங்கானைக் குடை மாதிரி மூடணும். புது வண்டியில அது நல்லா இறுக்கமா உட்காரும். எஞ்சின் சூட்டுல நாலஞ்சு வருஷம் வெந்ததுக்கு அப்புறம் ரப்பர் கல்லு மாதிரி ஆகி, விளிம்புல விரிசல் விட்டிருக்கும். தண்ணி உள்ளே போறதுக்கு அந்த விரிசல் போதும். சந்தேகம் இருந்தா ராத்திரி இருட்டுல எஞ்சினை ஓட விட்டு, கேப் மேல ஸ்பிரேயர்ல கொஞ்சமா தண்ணி அடிச்சுப் பாருங்க. (கையால தொடாதீங்க. உயிர் போற அளவுக்கு இருக்காதுன்னாலும், வாங்கினவங்களுக்குத் தெரியும் அந்த உதை.) கேப் விளிம்புல நீலமா ஒண்ணு நெளியறது தெரிஞ்சா கேஸ் முடிஞ்சுது. டிக் டிக்னு சத்தமும் கேக்கும். புது கேப் விலை, சி.டி.ஐ. விலைக்குப் பக்கத்துலயே வராது.

ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சின்கள்ல சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கும். பிளக் முன் சக்கரத்துக்குப் பின்னாடி, கீழே இருக்கும். முன் மட்கார்டு அடியில தொங்கற ரப்பர் ஃப்ளாப் இருக்கே, பலரும் பார்க்க நல்லா இல்லைன்னு கழட்டி எறியறது, அதோட வேலையே இந்த பிளக்கைக் காப்பாத்தறதுதான். பழைய பல்சர் டி.டி.எஸ்.ஐ.-யில ஒரே சிலிண்டருக்கு ரெண்டு பிளக். ஒண்ணு நனைஞ்சு செத்தாலும் வண்டி ஓடும், ஆனா இழுவை இருக்காது. "மழை பெஞ்சதுல இருந்து பிக்கப்பே இல்லண்ணே, ஆனா ஸ்டார்ட் ஆகுது"ன்னு ஒரு பல்சர்காரர் சொன்னா கார்புரேட்டரைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேப்பையும் பாருங்க.

பிளக் ஒரு குழிக்குள்ள உட்கார்ந்திருக்கற எஞ்சின்கள்ல இன்னொரு சமாச்சாரம் உண்டு. குழிக்குள்ள விழற தண்ணி வெளியேற ஹெட்டுல ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க. சேறு அடைச்சா அந்தக் குழி ஒரு குளமாகிடும், பிளக் அதுல கழுத்தளவு தண்ணியில நிக்கும். வாட்டர் வாஷ் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கற வண்டிகள்ல முதல்ல நான் பார்க்கறது இதைத்தான். ஒரு பழைய சைக்கிள் ஸ்போக் விட்டுக் குத்தினா வழி திறந்துடும்.

இப்போ சி.டி.ஐ.-க்கு வருவோம். அது ஒரு சின்ன டப்பா. மேக்னெட் பக்கத்துல இருக்கற பல்சர் காயில் (பைக் இல்லீங்க, பிக்கப் காயில்னும் சொல்வாங்க) "இப்போ அடி"ன்னு ஒரு சிக்னல் குடுக்கும். உடனே சி.டி.ஐ. தன்கிட்ட சேர்த்து வச்சிருக்கற மின்சாரத்தை எச்.டி. காயிலுக்குள்ள ஒரே மூச்சுல கொட்டும். புது வண்டிகள்ல இந்த வேலையை இ.சி.யு. பார்த்துக்குது. ஒரு பழைய சி.டி.ஐ.-யை உடைச்சுப் பாருங்க. உள்ளே கறுப்பா ரெசின் ஊத்தி, பாகு காய்ச்சி ஊத்தின கடலை மிட்டாய் மாதிரி எல்லாப் பாகத்தையும் புதைச்சிருப்பாங்க. தண்ணி போக அதுல இடமே கிடையாது. வண்டியில இருக்கற மின் பாகங்கள்லயே மழைக்கு நல்லா மூடி வச்சது இதுதான்.

மூடாதது அதோட கப்ளர். நாலு, ஆறு பின் இருக்கற பிளாஸ்டிக் இணைப்பு. பின் எல்லாம் பித்தளை, மேல தகரப் பூச்சு. ஈரமும் உப்பும் சேர்ந்தா களிம்பு பூக்கும். வீட்டுல பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கறோமே, அதே பச்சைக் களிம்புதான். குத்துவிளக்குக்கு அது அழகுக் குறைவு, அவ்வளவுதான். கப்ளருக்குள்ள அது ஒரு தடுப்புச் சுவர். பல்சர் காயில்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப மெல்லிசு. சின்னதா ஒரு களிம்புப் படலம் போதும் அதை நிறுத்திவைக்க.

இங்கதான் அந்த முரண்பாடு அவிழுது. மெக்கானிக் பழைய சி.டி.ஐ.-யைக் கப்ளர்ல இருந்து பிடுங்கறார். புதுசைச் செருகறார். பிடுங்கும்போதும் செருகும்போதும் பின் உரசி, களிம்பு சுரண்டப்பட்டு, பளபளப்பான உலோகம் வெளியில வந்துடுது. தொடர்பு சரியாகி வண்டி ஒரே கிக்ல ஸ்டார்ட். அங்க நிக்கற எல்லாருக்கும் அது ஒரு நிரூபணம்: சி.டி.ஐ. போயிருந்தது, மாத்தினோம், சரியாச்சு. மெக்கானிக் ஏமாத்தணும்னு நினைச்சிருக்கணும்கற அவசியமே இல்லை. கண்ணால பார்த்ததை அவரும் நம்பறார். ரெண்டு மாசம் கழிச்சு அடுத்த புயல்ல அதே வண்டி திரும்ப நிக்கும்போது "டூப்ளிகேட் சி.டி.ஐ. போட்டுட்டான்"னு கடை மேல கோபம் வரும்.

இதுக்கு ஒரு சோதனை இருக்கு, காசே ஆகாது. புது சி.டி.ஐ. போட்டு வண்டி ஸ்டார்ட் ஆனதும், "அண்ணே, பழசை ஒரு தடவை திரும்ப மாட்டிப் பார்க்கலாமா?"ன்னு கேளுங்க. பழசுலயும் ஸ்டார்ட் ஆச்சுன்னா குற்றவாளி கப்ளர்தான். நான் நோட்டுல எழுதி வச்சிருக்கற கேஸ்கள்ல, இப்படிக் கேட்டுப் பார்த்தவங்கள்ல பாதிக்கு மேல பழைய டப்பாவோடவே வீட்டுக்குப் போனாங்க. என் நோட்டு ஒரு ஆராய்ச்சி இல்லை, ஒரு தெருக்கணக்கு. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கோங்க. சில மெக்கானிக்குங்க முகம் சுளிப்பாங்க. எனக்குப் பழக்கமான ஒருத்தர், மழைக்காலம்னா எந்த வண்டி வந்தாலும் முதல்ல எல்லா கப்ளரையும் ஒரு தடவை கழட்டி மாட்டிட்டுத்தான் அடுத்ததையே யோசிப்பார். அந்த மாதிரி ஆளை விட்டுடாதீங்க.

ஸ்பார்க் வருதான்னு பார்க்கற பழைய முறையிலயும் ஒரு ஓட்டை இருக்கு. பிளக்கைக் கழட்டி, கேப்ல மாட்டி, அதோட மரையை எஞ்சின் மேல வச்சு கிக் அடிச்சுப் பார்ப்பாங்க. பொறி வந்தா "இக்னிஷன் ஓகே, கார்புரேட்டர்தான்"னு முடிவு கட்டிடுவாங்க. மேல சொன்ன கணக்கை நினைச்சுப் பாருங்க. வெளிக்காத்துல பொறி பறக்க 2,500 வோல்ட் போதும், சிலிண்டருக்குள்ள 10,000 வேணும். பாதி கசிஞ்சு போற காயில் வெளியில அழகா பொறி காட்டும், உள்ளே போனா கையை விரிச்சிடும். அதனால பொறி வரலைன்னா அது உறுதியான சேதி. வந்தா அது அரைகுறைச் சேதிதான். வெளுப்பா, நீலமா, சத்தத்தோட "டப் டப்"னு அடிச்சா கொஞ்சம் நம்பலாம். மஞ்சளா, இழுத்துக்கிட்டு வந்தா நம்பாதீங்க. இதைச் செய்யும்போது பிளக்கோட மரை எஞ்சின்ல நல்லா தொட்டுக்கிட்டு இருக்கணும். சும்மா தொங்கவிட்டு கிக் அடிச்சா அந்த வோல்ட் வேற வழி தேடி காயிலையோ இ.சி.யு.வையோ பதம் பார்க்கும். பிளக் ஓட்டையில இருந்து பெட்ரோல் ஆவி அடிக்கும், பொறியை அதுக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

லூகாஸ் ஞாபகம் வருது. பாடியில பஸ் கண்டக்டர் "லூகாஸ் எறங்கு"ன்னு குரல் குடுக்கற அந்த இடத்துல இருக்கற லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல ஆரம்பிச்சது. இங்கிலாந்துல பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் லூகாஸ் கம்பெனியும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் சாமான்னு இந்திய வண்டிகளோட நரம்பு மண்டலத்துல பெரும்பங்கு இங்க இருந்து போயிருக்கு. அந்த ஆங்கிலேய லூகாஸுக்கு அவங்க ஊர்ப் பைக்காரங்க வச்ச பட்டப்பேரு "இருளின் இளவரசன்". மழை பெஞ்சா ஹெட்லைட் அணையுமாம். லூகாஸ் சுவிட்சுக்கு மூணு நிலை: மங்கல், மினுக்கல், அணைப்புன்னு ஒரு கிண்டல் உண்டு. எனக்கென்னவோ அந்தக் கிண்டல் பாதிதான் நியாயம். மழை ஓயாத ஒரு தேசத்துல, திறந்த பிளாட்டினம் பாயிண்ட், சாதா ரப்பர் வயர், உள்ளே தண்ணி போறதைத் தடுக்க ஒண்ணுமே இல்லாத உருளைக் கனெக்டர்னு அந்தக் காலத்து சாமானே அப்படித்தான் இருந்தது. யார் பேரு டப்பா மேல எழுதியிருந்தாலும் அது அணைஞ்சிருக்கும். நம்ம ஊர்ல பழைய புல்லட், யெஸ்டி வச்சிருந்தவங்களுக்கு பாயிண்டைத் திறந்து துணியால துடைச்சு, உப்புத்தாளால லேசா தேய்ச்சு மூடறது மழைக்கால நித்ய கர்மம். பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் அந்தப் பழுது ஒழிஞ்சுது. கனெக்டர் பழுது மட்டும் இன்னும் நம்ம கூடவே வருது.

12 வோல்ட் பக்கம் நடக்கறது வேற மாதிரி. இங்க கசிவு பெரிய பிரச்சினை இல்லை, வழியில வோல்ட் தொலையறதுதான் பிரச்சினை. செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 80 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும்னு வைங்க. பேட்டரி எர்த் வயர் ஃபிரேமோட சேர்ற போல்ட்டுல துருப்பிடிச்சு வெறும் 0.02 ஓம் தடை வந்தாலே, 80 × 0.02 = 1.6 வோல்ட் அங்கயே போச்சு. செல்ஃப் "டக்"னு ஒரு சத்தத்தோட நின்னுடும். கடையில "பேட்டரி வீக்"னு சொல்வாங்க. புது பேட்டரி போட்டா கொஞ்ச நாள் ஓடும், ஏன்னா பேட்டரி மாத்தும்போது டெர்மினலையும் துடைச்சு இறுக்கியிருப்பாங்க. சி.டி.ஐ. கதைதான் திரும்பவும்.

மல்டிமீட்டர் இருந்தா சுலபம். எஞ்சின் அணைஞ்சு கொஞ்ச நேரம் ஆனதும் பேட்டரியில 12.6 வோல்ட் பக்கம் இருந்தா முழு சார்ஜ், 12.2-ன்னா பாதி. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் முறுக்கினா 13.8-க்கும் 14.5-க்கும் நடுவுல ஏறணும். ஏறலைன்னா ஆர்.ஆர். யூனிட் கப்ளரைத் தொட்டுப் பாருங்க, மழை உள்ளே போன இணைப்பு சுடும், சில சமயம் பிளாஸ்டிக்கே பழுப்பாக் கருகியிருக்கும். மீட்டர் இல்லைன்னாலும் ஒரு நல்ல அடையாளம் இருக்கு. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கினாலோ, பிரேக் பிடிச்சா ஹெட்லைட் மங்கினாலோ, எர்த் பாழ். திரும்பிப் போக ஒழுங்கான வழி இல்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியா வீட்டுக்குப் போகப் பார்க்குது.

சாக்கடை ஓரமா இருக்கற சின்ன சுவிட்சுகளையும் மறக்கக் கூடாது. சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல இருக்கு. சேறு புகுந்தா, ஸ்டாண்ட் எடுத்திருந்தாலும் "இன்னும் போட்டிருக்கு"ன்னு வண்டி நினைச்சுக்கும், எஞ்சின் எழுந்திருக்காது. தண்ணி ஊத்திக் கழுவி நாலு தடவை ஸ்டாண்டை மேலயும் கீழயும் ஆட்டினா பல நேரம் தெளிஞ்சிடும். பின் பிரேக் சுவிட்ச் மாட்டிக்கிட்டா பிரேக் லைட் ராத்திரி முழுக்க எரியாது, சாவி எடுத்தா அணைஞ்சிடும். ஆனா ஓட்டும்போது முழுக்க எரிஞ்சு, டிராபிக்ல ஊர்ந்து போற வண்டியில பேட்டரியைத் தின்னுடும். ஹெட்லைட்டை அணைக்க முடியாத ஏற்பாடு 2017 ஏப்ரல்ல இருந்து எல்லா இரு சக்கர வண்டியிலயும் வந்தாச்சு, அதுவும் சேர்ந்துக்கும். ஹாரன் தவளை மாதிரி கத்தினா அதை மட்டும் விட்டுடுங்க, காய்ஞ்சா சரியாயிடும்.

சரி, நடு ரோட்டுல, பருத்திப்பட்டு ஏரி ஓரமா ஆவடி-பூந்தமல்லி ரோட்டுல நின்னுடுச்சு, பக்கத்துல கடை இல்லை. என்ன செய்யறது? கில் சுவிட்சைப் பாருங்க, சிரிக்காதீங்க, ரெயின் கோட் கை பட்டு அது அணைஞ்சிருக்கும். ஃபியூஸைப் பாருங்க. சாவி போட்டா மீட்டர்ல வெளிச்சம் வருதா? வரலைன்னா பிரச்சினை பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச் பக்கம். வருதுன்னா பிளக் பக்கம் போங்க. கேப்பைப் பிடுங்கி, உள்ளேயும் பீங்கானையும் காய்ஞ்ச துணியால துடைங்க. காய்ஞ்ச துணி கிடைக்கறதுதான் கஷ்டம், அதனால சீட்டுக்கு அடியில ஒரு பாலிதீன் பையில ஒரு துண்டுத் துணியும் ஒரு பிளக் ஸ்பேனரும் வச்சிருங்க. அதுக்கும் மசியலைன்னா சீட்டுக்கு அடியில கைக்கு எட்டற கப்ளர்களை ஒவ்வொண்ணாக் கழட்டி, உதறி, வாயால ஊதாம (எச்சில் உப்பு) துடைச்சு மாட்டுங்க. பஞ்சர் கடை இருந்தா கம்ப்ரஸர் காத்து அடிச்சா அருமை. பெட்ரோல் நனைச்ச துணியால பிளக் பக்கம் துடைக்கற பழக்கம் சிலர்கிட்ட இருக்கு. துடைச்ச உடனே கிக் அடிச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

நீலமும் மஞ்சளுமா ஒரு டப்பா விக்கறாங்களே, டபிள்யூ.டி.-40, அது இதுக்கு நல்லாவே வேலை செய்யும். 1953-ல அமெரிக்காவுல சான் டியேகோ நகரத்துல ஏவுகணைத் தொழிலுக்காகத் தயாரிச்சது. தண்ணியை விலக்கற திரவம், நாப்பதாவது முயற்சிங்கறதுதான் பேரோட அர்த்தமே. ஆனா அது விரட்டற மருந்து, காவல்காரன் இல்லை. கரைப்பான் பறந்ததும் மிஞ்சற மெல்லிய எண்ணெய்ப் பசை தூசியைப் பிடிச்சு வைக்கும். நிரந்தரத்துக்கு சிலிகான் கிரீஸ், டைஎலக்ட்ரிக் கிரீஸ்னு கேட்டா கிடைக்கும். பிரேக் டிஸ்க் பக்கம் ரெண்டையுமே கொண்டு போகாதீங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நனைஞ்ச வண்டிக்கு. முழுகின வண்டி வேற ஜாதி. 2015 டிசம்பர் 1, 2-ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டரும், பூந்தமல்லிக்குப் பக்கத்துல செம்பரம்பாக்கத்துல 47 சென்டிமீட்டரும் ஒரே நாள்ல கொட்டினது ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள தண்ணி புகுந்து மிஷின்களோட வண்டிகளும் நின்னபடியே முழுகிச்சு. தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் செஞ்ச முதல் காரியம் சாவியைப் போட்டு செல்ஃப் அடிச்சது. அதைத்தான் செய்யக் கூடாது.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு. 100 சிசி எஞ்சின், கம்ப்ரெஷன் 10:1-ன்னு வைங்க. பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிஞ்சற இடம் 100-ஐ 9-ஆல வகுத்தா வர்ற 11 மில்லி. அதாவது ரெண்டு டீஸ்பூன் சொச்சம். காத்துன்னா அழுத்தினா சுருங்கும், தண்ணி சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியா 11 மில்லிக்கு மேல தண்ணி உள்ளே போயிருந்தா பிஸ்டன் மேல வர இடமே இல்லை. செல்ஃப் மோட்டார் அடிச்சா ஏதாவது ஒண்ணு வளைஞ்சுதான் ஆகணும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே தண்ணியை உறிஞ்சினா கனெக்டிங் ராட் வளையும். அதனால முழுகின வண்டியில முதல்ல பேட்டரி வயரைக் கழட்டணும், பிளக்கைக் கழட்டணும், வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சு வடியவிட்டு, சாவி போடாம கிக்கரைக் கையால மெதுவா அமுக்கிப் பார்க்கணும். பிளக் ஓட்டையில தண்ணி பீச்சி அடிச்சா நீங்க ஒரு ராட் விலையை மிச்சம் பிடிச்சிருக்கீங்க. ஆயில் டீ மாதிரி கலங்கியிருந்தா மாத்தாம ஓட்டவே கூடாது.

சைலன்சருக்குள்ள தண்ணி போனா வண்டி நிக்கும்னு எல்லாரும் பயப்படறாங்க. எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 30 சென்டிமீட்டர் ஆழத் தண்ணியோட அழுத்தம் வெறும் 0.03 வளிமண்டலம்தான், புகை அதைச் சுலபமாத் தள்ளிட்டு வெளியேறும். நிஜமான எல்லைக்கோடு ஏர் ஃபில்டரோட வாய். அது உங்க வண்டியில எந்த உயரத்துல இருக்குன்னு ஒரு தடவை பார்த்து வச்சுக்கோங்க. அதுக்கு ஒரு சாண் கீழ வரைக்கும்தான் துணிச்சல் எல்லாம்.

ஆவடிக்காரங்க இங்க ஒரு கேள்வி கேட்கலாம்: நம்ம ஊர் கனரக வாகனத் தொழிற்சாலையில செய்யற டேங்க் மட்டும் எப்படி ஆத்துக்குள்ள இறங்கிப் போகுது? டி-72 ஒரு நீளக் குழாயை மேல நீட்டிக்கிட்டு 5 மீட்டர் ஆழ ஆத்தையே கடக்கும். அது டீசல் எஞ்சின். அழுத்தத்துல வர்ற சூட்டுலயே எரிபொருள் பத்திக்கும், ஸ்பார்க் பிளக்கே கிடையாது. நனைஞ்சு கெடறதுக்கு 10,000 வோல்ட் வயர் இல்லை, காத்து மட்டும் வந்தா போதும். இரு சக்கரத்துலயும் அந்த மாதிரி ஒண்ணு இருந்தது, என்ஃபீல்டு விட்ட டாரஸ்ங்கற டீசல் புல்லட். குலுக்கலும் சத்தமும் பயங்கரம், வேகம் கிடையாது. ஆனா பிளக் நனைஞ்சு நின்னதா எவனும் சொல்ல முடியாது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பத்தி ரெண்டு வார்த்தை. ஐ.பி.67-ன்னு விளம்பரத்துல போடறாங்க. 6 தூசிக்கு, 7 தண்ணிக்கு: 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கணும். சோதனை நடக்கறது புது சாமான்ல, நல்ல தண்ணியில. மூணு வருஷம் வெயில்ல நின்ன ரப்பர் கேஸ்கெட்டும் வெள்ளத்துல கலந்த சாக்கடையும் அந்தச் சோதனையில கிடையாது. முழுகின ஸ்கூட்டரை வீட்டுக்குள்ள கொண்டு வந்து சார்ஜ் போடாதீங்க. வெளியில, திறந்த இடத்துல நிறுத்திட்டு கம்பெனிக்குச் சொல்லுங்க. எந்த வண்டியா இருந்தாலும், தண்ணி தேங்கின தெருவுல அதைத் தள்ளிக்கிட்டு வரும்போது ரோட்டோர பில்லர் பாக்ஸ், கம்பத்து ஸ்டே கம்பி பக்கம் ஒதுங்காதீங்க. வண்டிக்கு வர்ற ஷாக்கு மாதிரி இல்லை அது.

புரட்டாசி கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் ஒதுக்கினா போதும். பிளக் கேப்பை மீட்டர்ல வச்சுப் பாருங்க, ரெசிஸ்டர் கேப்னா 5,000 ஓம் பக்கம் காட்டணும். முடிவே இல்லாம ஓடினா தூக்கிப் போடுங்க. பெரும்பாலான வண்டியில கேப் எச்.டி. வயர்ல மரை மாதிரி திருகித்தான் மாட்டியிருக்கும். கழட்டி, வயர் நுனியில கறுத்த 5 மில்லிமீட்டரை வெட்டி எறிஞ்சுட்டு, நல்ல செம்பு தெரியற இடத்துல திருகி மாட்டுங்க. கேப் ரப்பரோட உள்விளிம்புல சிலிகான் கிரீஸ் ஒரு மெல்லிய கோடு, உலோக முனையில வேண்டாம். கப்ளர்களைக் கழட்டி, பச்சை தெரிஞ்சா பல் தேய்க்கற பிரஷ்ஷால தேய்ச்சு, அதே கிரீஸை விளிம்புல தடவி, வாய் கீழ பார்க்கற மாதிரி மாட்டுங்க. இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுத்தி சுத்தி ஒட்டாதீங்க. அது தண்ணி உள்ளே போறதைத் தடுக்கறதை விட, உள்ளே போன தண்ணி வெளியில வராம பார்த்துக்கறதுலதான் கெட்டிக்காரன்.